பாலில்லாப் பலகாரங்கள்

சைவ உணவு என்று நம் நாட்டிலே வழங்கும் தொடரின் பொருளை அறியாதார் இலர். ஊனும் மீனும் முட்டையும் நீங்கிய உணவே அது. ஆயின், பாலும் தயிரும் மோரும் நெய்யும் அதனுள் அடங்கும். அடங்குவது மாத்திரமன்று, தூயவற்றுள் தூயவை எனப் போற்றவும்படும். திருக்கோயிலிலே இறைவனுக்கு ஆட்டுவதும் பாலே. விருந்தினர் இலையிலே பருப்பின்மேல் வார்ப்பதும் நெய்யே. இவற்றையும் விலக்கி, விலங்குகளிடமிருந்து பெறும் எதனையும், தேனையுங்கூட, உண்ணாதார் ஒரு சாரார் உளர். அவர்களுக்கு மேல்நாட்டார் இட்ட பெயர் 'வீகன்' என்பது. 1944ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பாரும் அவர்தம் நண்பர் சிலரும் கூடி ஒரு சங்கம் அமைத்தனர். மரக்கறி உண்பாரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்களையும் கடைசி இரண்டு எழுத்துக்களையும் ஒட்டி அவர்கள் ஆக்கிய சொல்லே அது. சொல் புதிது; உயிர்க்கு ஊறு செய்யாது உண்ண வேண்டும் என்னும் எண்ணமோ நம்மவர்க்குப் புதிதன்று.

அருள் நோக்கம் பற்றியே பாலை விடுவார் சிலர். ஆனால் அவர் மாத்திரம் அல்லர். பிள்ளைப்பருவம் கடந்தபின் பாற்சீனியைச் செரிக்கும் நொதியம் உடலிற் குறைந்துபோதல் உலக மாந்தருட் பெரும்பாலோர்க்கு இயல்பு. பாலருந்தினால் வயிறு பொருமி வருந்துவோர் நம்மிடையே பலர் உளர். காரணம் அறியாது அதனை 'வாய்வு' என்று கூறி அமைதியடைவர். இதனினும் கடியது பாற்புரதத்தின் ஒவ்வாமை. ஒரு கரண்டிப் பாலே குழந்தையொன்றின் உடலெங்கும் தடிப்பை எழுப்பி மூச்சையும் தடுக்கக்கூடும். இனி, விலையும் ஒரு காரணமாயிற்று. 2021ஆம், 2022ஆம் ஆண்டுகளிலே பால்மாப் பொதி ஒன்றுக்காக வரிசையில் நின்ற நாட்களை எவரும் மறந்திலர். அந்நாட்களிலே தேநீரிலிருந்து பாலை நீக்கிய குடும்பங்களுட் சில, பின்னரும் அதனை மீளச் சேர்த்தில.

இத்தகையார் வீட்டிலே உண்ணுங்கால் இடர் பெரிதில்லை. சொதியும் குழம்பும் பாயசமும் தேங்காய்ப்பாலினாலேயே ஆகும் நாடு இது. இடர் தோன்றுவது வீட்டுப் படியைக் கடந்த பின்னரே. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ உத்தியோகத்தின்பொருட்டுக் கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையிலே அறையெடுத்துத் தங்கும் எழுதுவினைஞர் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அறையிலே அடுப்பு மூட்டுதற்கு வீட்டுக்காரர் இசையார். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி ஊருக்குச் செல்லவேண்டும். அவர் பாலும் நெய்யும் கொள்ளாதவர். காலையும் மாலையும் அவர் எதை உண்பது? எங்கே உண்பது?

காலி வீதியிலே சைவக் கடைகளுக்குக் குறைவில்லை. இட்டலி, தோசை, இடியப்பம், பிட்டு, உழுந்து வடை, சம்பல் ஆகிய யாவும் அவருக்கு உரியனவே. தோசைக்கல்லிலே நெய் தடவும் வழக்கம் சில கடைகளில் உண்டு. எண்ணெயில் வார்க்கும்படி முன்னரே சொல்லிவிட்டால் ஒருவரும் முகஞ்சுளியார். நெய் என்று கடைக்காரர் பெருமையோடு கூறுவது வனஸ்பதியாய் இருத்தலும் உண்டு. மற்றையோர்க்கு அது ஏமாற்றம், நம் எழுதுவினைஞர்க்கோ ஆதாயம்! ரவைத் தோசையில் மோர் கலந்திருக்கலாம், கேட்டறிதல் நன்று. நண்பகற் சாப்பாட்டிலே சோறும் பருப்பும் வறையும் குழம்பும் இரசமும் அப்பளமும் தடையின்றி உண்ணத்தக்கன. தயிரை இலையில் வாங்காது விடலாம். ஆனால் மோர்மிளகாயைப் பலரும் மறந்துவிடுவர். மோரில் ஊறிய மிளகாய் அது என்பதைப் பெயரே அறிவிக்கவும், பொரித்துக் கறுத்து வந்தபின் எவருக்கும் அது நினைவில் வருவதில்லை. பாயசம் வீட்டிலே தேங்காய்ப்பாலில் ஆவது. கடையிலே பெரும்பாலும் பசும்பாலிலோ பால்மாவிலோ ஆவது.

சைவக் கடை அல்லாத இடங்களிலே வேறொரு பகை மறைந்திருக்கின்றது. அது மாசிக்கருவாடு. தேங்காய்ச் சம்பலிலும் சீனிச்சம்பலிலும் பருப்புக்கறியிலும், சில வேளைகளிற் கீரைச்சுண்டலிலுங்கூட, மாசித்தூள் இடுவது சிங்கள மக்களின் சமையல் வழக்கு. 'எலவலு' என்று எழுதிய மரக்கறிச் சோற்றுப் பொதியை வாங்குவோர் மாசி உண்டா என்று ஒரு சொற் கேட்டே வாங்குதல் வேண்டும். இதனைக் குறையாகக் கூறுதல் தகாது. பலாப்பிஞ்சைக் கறுக்கக் காய்ச்சிய 'பொலோஸ்' கறிக்கு நிகரான மரக்கறி இத்தீவிலே வேறு உண்டோ என்பது ஐயமே. கிரிபத் என்னும் பாற்சோற்றிலே பெயரில் மாத்திரமே பாலுண்டு; பானையில் இருப்பது தேங்காய்ப்பால். காலை வேளையிலே வீதியோரத்தில் விற்கும் இலைக்கஞ்சி, விலையும் குறைவு, வயிற்றுக்கும் இதம். இடியப்பத்தினுள்ளே தேங்காய்ப்பூவையும் பாணியையும் வைத்து மடித்து அவிக்கும் 'லவாரியா' மாலைத் தேநீருக்குத் தக்க துணை.

பேக்கரிகளிலே மயக்கம் மிகுதி. மரக்கறி ரொட்டி பெரும்பாலும் மாவும் எண்ணெயும் கிழங்கும் சேர்ந்ததே. மரக்கறி ரோல்ஸ் என்பதன் உள்ளே கிழங்கு இருப்பினும், மேலே பாண்தூள் ஒட்டுதற்கு முட்டை பூசியிருப்பர். பணிஸின் மினுக்கமும் பல இடங்களில் முட்டையின் மினுக்கமே. சாதாரண அச்சுப்பாண் இவருக்கு ஏற்றது. அதன்மேற் பூசும் மாஜரீனிலே பாற்பொருள் உண்டா என்பதை அதன் பெட்டியைப் பார்த்தே அறியலாம்.

பெட்டியையும் பொதியையும் படிக்கும் பழக்கம் நம்மவரிடையே மிகக் குறைவு. பிசுக்கோத்திலே பால்மாவோ, மோர்ப்பொடியோ, 'பாற்றிண்மம்' என்னும் பெயரால் வேறொன்றோ கலந்திருக்கும். இந்தியாவிலிருந்து வரும் பொதிகளிற் காணும் பச்சைப்புள்ளி, ஊனும் முட்டையும் இல்லை என்பதற்கே சான்று. பால் இல்லை என்பதற்குச் சான்றன்று. பாலும் இல்லாதவற்றுக்கென அந்நாட்டார் 2022ஆம் ஆண்டிலே தனி விதிகளும் தனி இலச்சினையும் வகுத்தனர். எல்லாவற்றினும் வியப்பானது தேங்காய்ப்பாற்பொடியின் செய்தி. தென்னையிலிருந்து வந்ததில் பசுவுக்கு என்ன வேலை என்று எவரும் எண்ணுவர். ஆனால் எண்ணெய்ப்பசை பிரியாது பொடியாக நிற்கும்பொருட்டு, சோடியம் கேசினேற்று என்னும் பாற்புரதப் பொருளை அப்பொடிகள் சிலவற்றிலே சேர்க்கின்றனர். கொள்கைபற்றிப் பாலை விட்டார்க்கு இது மனவருத்தமாய் முடியும். ஒவ்வாமையுடைய குழந்தையின் தாய்க்கோ இது உயிர்பற்றிய செய்தி. 2024ஆம் ஆண்டின் இறுதியிலே தேங்காய் விலை ஏறியபோது பலர் பொடியை நாடினர். அத்தகைய தாய்மார், அரைத்தேங்காயாயினும் துருவிப் பிழிந்து கொள்ளுதலே தக்கது.

இனிப் பலகாரங்களைப் பார்ப்போம். இங்கேதான் நம் மக்களின் செல்வம் இருக்கின்றது. பாலேடும் வெண்ணெயும் இன்றி இனிப்பு ஏது என்று கேட்பார், யாழ்ப்பாணத்துத் தட்டங்களை ஒருமுறை நோக்குவாராக. பயற்றை வறுத்து மாவாக்கிச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் கூட்டி உருட்டி, அரிசிமாக் கரைசலிலே தோய்த்துப் பொரித்தெடுப்பது பயற்றம்பணியாரம். எள்ளை இடித்துச் சர்க்கரையோடு பிசைந்தால் எள்ளுப்பாகு. அரிசிமாவும் சீனியும் சேர்ந்தது அரியதரம். பயறும் தேங்காயும் சர்க்கரையும் உள்ளடங்கிய கொழுக்கட்டையும் மோதகமும் ஆவியில் வெந்தவை, எண்ணெய்கூட வேண்டியதில்லை. தென்பகுதியிலே அம்பாந்தோட்டைப் பக்கத்துத் தொதல் பெயர்பெற்றது. அரிசிமா, சர்க்கரை, தேங்காய்ப்பால் என்னும் மூன்றும் சேர்ந்து, எண்ணெய் கக்கும்வரை கை ஓயாது கிண்டிய பொருள் அது. ஒன்றை மாத்திரம் நினைவில் வைத்தல் வேண்டும்: வட்டிலப்பம் முட்டையால் ஆவது, லட்டு முதலியவற்றில் நெய் உண்டா என்று கேட்டே கொள்ளல் வேண்டும்.

உறைப்பை விரும்புவார்க்குப் பருத்தித்துறைத் தட்டைவடை இருக்கின்றது. உழுந்தும் மாவும் செத்தல்மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் கூட்டி, மெல்லிதாய்த் தட்டி, மொறுமொறுவெனப் பொரித்த இவ்வடை பல நாட்களுக்குக் கெடாது. ஊரிலிருந்து கொழும்புக்குத் திரும்பும் பெட்டிகளிலே இது இல்லாத பெட்டி அரிது. உழுந்தை நம்பியிருக்கும் பண்டங்களுக்கு ஒரு குறை உண்டு. 2020ஆம் ஆண்டிலே உழுந்து இறக்குமதி தடுக்கப்பட்டபோது அதன் விலை மிகவும் உயர்ந்து, வடையும் தோசையும் எளியார்க்கு எட்டாதனவாயின.

பனையோ இறக்குமதியை நம்பியது அன்று. பனம்பழத்தின் களியைப் பிழிந்து, பாயிலே படைபடையாக வார்த்து, வெயிலில் உலர்த்தி எடுத்தால் பனாட்டு. அதைத் துண்டுகளாக்கிப் பாணியில் ஊறவிட்டால் பாணிப்பனாட்டு. அக்களியையே மாவோடும் சீனியோடும் சேர்த்துப் பொரித்தால் பனங்காய்ப்பணியாரம். பழம் விழும் காலத்திலே வீடு முழுவதும் அதன் வாசனை நிற்கும். கிழங்கை அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். அவியாது உலர்த்தினால் ஒடியல். புழுக்கொடியலைத் தேங்காய்ச்சொட்டோடு கடித்துண்ணும் சுவையை எந்தப் பிசுக்கோத்தும் தாராது; பல் உறுதியாயிருத்தல் வேண்டும், அவ்வளவே. ஒடியல்மாவை நீரில் ஊறவிட்டுக் கசப்பை நீக்கியபின் பிட்டாக அவிப்பர். ஒடியற்கூழ் என்றவுடன் நண்டும் மீனும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, கீரை, பழப்புளி என்பன கொண்டு சைவக்கூழ் காய்ச்சும் இல்லங்களும் பலவுண்டு. 1978ஆம் ஆண்டில் அமைந்த பனை அபிவிருத்திச் சபை இவற்றைப் பொதிசெய்து விற்க வழிவகுத்தது. ஆனால் நகரத்துப் பலசரக்குக் கடைகளில் மேல்நாட்டுச் சொக்கலேற்று நிற்கும் வரிசையிலே பனங்கட்டிக் குட்டானுக்கு இடங்கிடைத்தல் அருமையே. இந்நிலை இரங்கத்தக்கது.

வடமாகாணத்திலே பெண்கள் நடத்தும் அம்மாச்சி உணவகங்கள் இவ்வகையிலே பெருந்தொண்டு புரிகின்றன. வந்தவர் கண்முன்னே அப்பம் சுடுவர், குரக்கன் பிட்டு அவிப்பர், இலைக்கஞ்சி வார்ப்பர். அடுப்பருகே நிற்பவரிடமே, இதனுள் என்ன சேர்ந்தது என்று நேரே கேட்கலாம். பொதியின் முதுகைத் திருப்பிப் படிக்க வேண்டியதில்லை. விலையும் உழைப்பாளர் கைக்கு எட்டுவது. விவசாயத் திணைக்களத்தின் துணையோடு பேராதனையை அடுத்த கன்னொறுவையிலும் பிற இடங்களிலும் இயங்கும் 'ஹெல போஜுன்' கூடங்களும் இவ்வகையினவே. நம் எழுதுவினைஞர் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது வழியில் இறங்கி உண்ணத்தக்க இடங்கள் இவை.

பானங்களைப் பற்றி நீட்டிக்க வேண்டுவதில்லை. தேநீர்க் கடையிலே கேளாமலே ரின்பால் ஊற்றுவர். 'வெறுந்தேநீர்' என்று முந்திக்கொண்டு சொல்லல் வேண்டும். மல்லிக்கோப்பியும் வேர்க்கொம்புக் கோப்பியும் பனங்கட்டியோடு பருகத்தக்கன. சோயாப்பால் பெட்டிகளில் விற்கப்படுகின்றது. விலைதான் சற்று மிகுதி.

பாலை விட்டால் உடலுக்கு வேண்டியவை எங்கிருந்து வரும் என்று பெரியோர் கேட்பர். கேட்கவேண்டிய கேள்வியே அது. புரதத்துக்குப் பருப்பும் பயறும் கடலையும் கச்சானும் சோயாவும் உண்டு. 100 கிராம் கச்சானிலே ஏறத்தாழ 25 கிராம் புரதம் இருக்கின்றது. சுண்ணாம்புச்சத்துக்குக் குரக்கனும் எள்ளும் உண்டு. 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவிற் கல்சியம் இருக்க, அதே அளவு பசும்பாலில் இருப்பது 120 மில்லிகிராம் அளவே. குரக்கனிலுள்ளது முழுவதையும் உடல் ஏற்காது என்பதையும் மறத்தல் ஆகாது. ஆனால் பி12 என்னும் உயிர்ச்சத்து தாவர உணவிலே நம்பத்தக்க அளவில் இல்லை. பனாட்டும் தாராது, கீரையும் தாராது. நாளொன்றுக்கு வளர்ந்தோர்க்கு வேண்டியது 2.4 மைக்கிரோகிராம் என்னும் மிகச் சிறிய அளவே. அச்சிறிய அளவும் ஆண்டுக்கணக்கில் இல்லாதொழிந்தால் இரத்தச்சோகையும், கைகால் விறைப்பும், நரம்புத் தளர்ச்சியும் நேரும். கொள்கையுறுதி இதற்கு மருந்தாகாது. குளிகையாகவோ, அச்சத்தைச் சேர்த்து ஆக்கிய உணவாகவோ இதனைக் கொள்ளல் வேண்டும். கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் மருத்துவரைக் கேளாது இவ்வுணவுமுறையை மேற்கொள்ளுதல் தகாது.

நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நிகழும். கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலே குளிர்களிக் கடைகளின் முன் பிள்ளைகள் கூட்டம் நிறைந்திருக்கும். பால் ஒவ்வாத பிள்ளையை அவ்வழியே அழைத்துச் செல்வது பெற்றோர்க்கு ஒரு சோதனையே. ஐஸ்பழக்காரரிடம் பால் கலவாத பழச்சாறு ஐஸ்பழம் உண்டா என்று கேட்கலாம். இல்லையென்றால் சற்று அப்பால் நடக்கலாம். அங்கே மணலிற் புதைத்து வறுத்த கச்சான் சூடாறாமல் இருக்கும். சோளப்பொரியும் கடலையும் அருகிலேயே இருக்கும். கச்சான் விற்கும் ஆச்சி சுண்டால் அளந்து கடதாசிச் சுருளிலே கொட்டியபின், மேலும் ஒரு கைப்பிடியை அள்ளிப் பிள்ளையின் கையிலே இடுவார். அதற்கு விலை கேளார்.