கொம்பும் முதலுதவியும்

(மதுரை ஜில்லாவில் ஒரு கிராமத்தில், பொங்கலுக்கு முன்னர் நடந்த வாலிபர் கூட்டத்தில் பேசியது)



பொங்கல் வரப்போகின்றது. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்று வரிசையாக வாடிவாசல் திறக்கப் போகின்றது. அதற்குப் பிறகு ஊருக்கு ஊர் மஞ்சுவிரட்டு. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வாலிபர்களில் பாதிப்பேர் இந்த வருஷம் திமிலைத் தழுவப் போகிறவர்கள் என்று தலைவர் அவர்கள் சொன்னார்கள்.

ஜல்லிக்கட்டு வேண்டுமா வேண்டாமா என்பது நமது இன்றைய பேச்சு அல்ல. 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது. 2017-ல் மெரினாவில் வாலிபர்கள் கூடினார்கள். சட்டசபை சட்டம் செய்தது. 2023-ல் அதே கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். ஆகவே மாடு வரத்தான் போகின்றது. மாடு வந்தால் கொம்பும் வரும். கொம்பு பட்ட பிறகு என்ன செய்வது என்பதுதான் நமது விஷயம்.

தோழர்களே! நமது சொந்த சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கின்றது. சில வருஷங்களுக்கு முன் பக்கத்து ஊர் மஞ்சுவிரட்டில் நமது அக்காள் மகன் தொடையில் குத்துப் பட்டான். மாடு பிடிக்கக்கூடப் போகவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் நின்றான். குத்து உள்தொடையில். ரத்தம் குழாயில் தண்ணீர் வருவதுபோல் வந்தது. ஒருவர் காப்பித்தூள் கொண்டுவந்து அப்பினார். ஒருவர் விபூதியை வைத்து, "சாமி காப்பாத்தும்" என்றார். ஒருவர் சோடா உடைத்து வாயில் ஊற்றினார். நான்கு பேர் கையும் காலுமாகத் தூக்கினார்கள். ஆட்டோவுக்கு வழி விடச்சொல்லி இருபது பேர் கத்தினார்கள். நாமும் அங்கேதான் நின்றோம். "மாமா, கால் மரத்துப்போச்சு" என்று நமது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். இருபது வருஷமாக மேடைதோறும் பகுத்தறிவு பேசிய நமக்கு, தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்தக் காயத்தில் வைத்து அழுத்த வேண்டும் என்கிற அறிவு அன்றைக்கு இல்லை! பாதி வழியில் ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள்.

"விதி முடிந்துவிட்டது" என்று ஊரார் அக்காளுக்கு ஆறுதல் சொன்னார்கள். நாம் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. பிறகுதான் முதலுதவி வகுப்பு ஒன்றில் போய், நம்மில் பாதி வயதுப் பையன்களோடு தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். கற்ற பிறகுதான் தெரிந்தது, அங்கே முடிந்தது விதியல்ல, ரத்தம் என்று.

வளர்ந்த மனிதன் உடம்பில் இருப்பது சுமார் 5 லிட்டர் ரத்தம். தொடையில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடக்கூடும். பெரிய ஜல்லிக்கட்டுகளில் இன்று டாக்டர்கள் இருக்கிறார்கள், 108 வண்டி நிற்கின்றது. அது நல்லதே. ஆனால் டாக்டர் கூட்டத்தைத் தாண்டி வரவேண்டும். பக்கத்தில் நிற்பவன் யார்? கூட மாடு பிடிக்கிறவன். ஆகவே முதல் டாக்டர் அவன்தான். மஞ்சுவிரட்டு என்றாலோ மாடு பொட்டலெல்லாம் ஓடுகின்றது. எங்கே குத்தும் என்று யார் கண்டார்கள்?

செய்யவேண்டியது அதிகமில்லை. முதலில் மாடு போய்விட்டதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒருவருக்கு இருவர் விழுவீர்கள். பிறகு 108-க்குச் சொல்லச்சொல்லி ஒரு ஆளைப் பெயர் சொல்லி ஏவுங்கள். "யாராவது கூப்பிடுங்கள்" என்றால் யாரும் கூப்பிடமாட்டார்கள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து, குழியானால் துணியைக் குழிக்குள்ளேயே திணித்து, இரண்டு கையாலும் உடம்பின் பாரம் முழுதும் போட்டு அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நொடிக்கொருதரம் எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் மேலே இன்னொன்று வைத்து அழுத்துங்கள். கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின்மேல் படாமல், அகலமான துணியைக் கட்டி, அதில் ஒரு கட்டையைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கயிறு, கம்பி உதவாது, சதையை அறுக்கும். அந்த முறுக்குக் கட்டு வலிக்கத்தான் செய்யும். கத்துகிறான் என்று தளர்த்திவிடாதீர்கள். கட்டிய மணியை நெற்றியிலேயே எழுதுங்கள். திருநீறு பூசும் இடம் அதற்காவது பிரயோஜனப்படட்டும்!

வயிற்றில் குத்திக் குடல் வெளியே வந்தால் உள்ளே தள்ளாதீர்கள். நனைத்த சுத்தத் துணியால் மூடுங்கள். சோடா, தண்ணீர், இளநீர் ஒன்றும் வாயில் ஊற்றக்கூடாது. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது அது மூச்சுக்குழாயில் ஏறி ஆளைக் கொல்லும். மாடு தூக்கி எறிந்து கழுத்தோ முதுகோ அடிபட்டவனை நான்கு பேர் கையும் காலுமாகத் தூக்குவது மகா பாதகம். தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டு, பலகையோ ஸ்ட்ரெச்சரோ வரும்வரை இருங்கள். சின்னக் கீறல்தானே என்று சாணமும் மண்ணும் அப்புவதை விடுங்கள். வில்வாத ஜன்னிக் கிருமியின் வாசஸ்தலமே அவை இரண்டும்தான். கீறலானாலும் அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

நிற்க. ஸ்பெயின் தேசத்தில் மாட்டோடு சண்டையிடுவதைத் தொழிலாகவே கொண்டவர்கள் இருக்கிறார்கள். 1947-ல் மனோலெத்தே என்கிற பிரசித்தி பெற்ற வீரர் லினாரஸ் ஊரில் தொடையில் குத்துப்பட்டு மாண்டார். 1984-ல் பகீர்ரி என்பவர் பொசோபிளாங்கோ ஊரில், அதுவும் தொடையிலேயே, குத்துப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் மாண்டார். இவர்களும் வேண்டுதல் செய்தவர்கள்தாம். மாட்டரங்கிலேயே ஜெபம் செய்யச் சிறு கோயில் வைத்திருக்கிறவர்கள்தாம். ஆனால் மாட்ரிட் நகரத்துப் பெரிய மாட்டரங்கின் வாசலில் அவர்கள் யாருக்குச் சிலை வைத்தார்கள் தெரியுமா? பென்சிலினைக் கண்டுபிடித்த டாக்டர் பிளெமிங்குக்கு! மாட்டுவீரன் ஒருவன் தொப்பியைக் கழற்றி அவருக்கு மரியாதை செய்வதுபோல் 1964-ல் வைத்தார்கள். புண் அழுகிச் சாவது நின்றதற்கு அவர்கள் காட்டிய நன்றி அது. நம் ஊரில் யாரும் பிடிக்கக்கூடாது என்று கோவில் காளையை முதலில் விடுகிறோம். அதற்குப் பின்னால் வருகிற மாட்டின் கொம்பு அதனால் மழுங்கிவிடுகின்றதா?

இதெல்லாம் படித்தவன் வேலை, நமக்கு வருமா என்று சிலர் கேட்கலாம். 1877-ல் இங்கிலாந்தில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கம் முதலுதவி கற்பிக்கத் தொடங்கியபோது கற்றவர்களில் சுரங்கத் தொழிலாளிகளும் ரயில்வே ஆட்களும் போலீஸ்காரர்களும் இருந்தார்கள். 1882-ல் ஜெர்மனியில் எஸ்மார்க் என்கிற சர்ஜன் கீல் நகரத்தில் சாதாரண ஜனங்களுக்கே இதைச் சொல்லிக்கொடுத்தார். வைத்தியம் டாக்டரிடமே இருக்கட்டும். ரத்தத்தை நிறுத்துவது எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஓதக்கூடாது, கேட்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளாகிய நமக்கு, இன்று கதவைத் திறந்துவைத்துக் கற்றுக்கொள் என்கிறபோது கூச்சம் என்ன வேண்டியிருக்கின்றது?

ஆகவே விழாக் கமிட்டியாரை நாம் கேட்பது ஒன்று. மாடுபிடிக்கிறவனுக்கு டாக்டர் பரிசோதனை இருக்கின்றது. சுற்றுக்கு ஒரு நிறத்தில் சட்டை கொடுக்கிறீர்கள். ஒரு பகல் முதலுதவிப் பயிற்சி பெறாதவனுக்குச் சட்டை கிடையாது என்று வையுங்கள். கார் பரிசு, பைக் பரிசு, தங்கக்காசு என்று செலவு செய்கிறீர்களே, ஆளுக்கொரு கட்டுத்துணி என்ன விலை ஆகிவிடும்? "பயிற்சி கொடுத்தால் பயம் வந்துவிடும், வீரம் போய்விடும்" என்று ஒரு பெரியவர் போன வாரம் சொன்னார். அடிபட்ட தோழனைப் பார்த்து ஓடுகிறவனுக்கும், மண்டியிட்டு அழுத்துகிறவனுக்கும் யார் வீரன் என்று அவரே சொல்லட்டும். தாய்மார்களும் கற்றுக்கொள்ள வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்களிடையேதான் மாடு வந்து விழுகின்றது.

மேஜைமேல் துண்டு நான்கு, கட்டை நான்கு, சிவப்புச் சாயம் ஒரு புட்டி வைத்திருக்கிறோம். நமது பேச்சு இவ்வளவுதான். முன்வரிசைத் தோழர்கள் இரண்டிரண்டு பேராக மேடைக்கு வாருங்கள். ஒருவர் படுங்கள், மற்றவர் கட்டுங்கள். தாய்மார்களுக்கு அந்தப் பக்கம் பாய் விரித்திருக்கின்றது. அங்கே காட்டுவதற்கு நமது அக்காள் வந்திருக்கிறார்கள்.