புதுப்பூச்சும் குளத்து நீரும்



தொழிலையும் உத்தியோகத்தையும் நாடிப் பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவருள் பலர் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாழ்கின்றனர். அவற்றுள் பலவற்றில் நீச்சல் குளம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அதன் பழைய பூச்சைக் கொத்தியெடுத்துப் புதிதாகப் பூச நேரிடுகிறது. கொத்தனார் தம் கரணையைக் கழுவி வைத்தவுடன் வேலை முடிந்துவிட்டது என்று சங்கத்தார் எண்ணிவிடுகின்றனர். உண்மையில், வேலையின் மறுபாதி அப்பொழுதுதான் தொடங்குகிறது. அடுத்த 28 நாட்களில் நீரை நாம் எவ்வாறு நடத்துகிறோமோ, அதைப் பொறுத்தே பூச்சின் ஆயுள் அமைகிறது.

குளத்தின் பூச்சு பெரும்பாலும் வெள்ளைச் சிமென்டும் சலவைக்கல் பொடியும் கலந்தது. சிமென்ட் உலர்வதால் இறுகுவதில்லை. நீரோடு சேர்ந்து இரசாயன மாறுதல் அடைந்தே இறுகுகிறது. அம்மாறுதலின்போது சுண்ணம் பிறக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்து வைத்த தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தெளிந்த நீரின் மேல் மறுநாள் மெல்லிய வெள்ளை ஏடு படிந்திருக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு சுண்ணத்தோடு கூடியதன் விளைவு அது. புதுப்பூச்சிட்ட குளத்திலும் இத்தகைய மாறுதலே நிகழ்கிறது. பூச்சிலிருந்து கசியும் சுண்ணம் நீரிலுள்ள பொருள்களோடு கூடி வெண்துகளாகிச் சுவரிலும் தரையிலும் படிகிறது.

நீருக்கு ஓர் இயல்பு உண்டு. தன்னிடம் சுண்ணச் சத்து குறைந்திருந்தால் சுவரிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். மிகுந்திருந்தால் சுவரின் மேலேயே அதை இறக்கிவிடும். முன்னதால் பூச்சு அரித்துச் சொரசொரப்பாகும். பின்னதால் செதில் படியும். இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள சமநிலையைக் கணக்கிடும் முறையை அமெரிக்கப் பேராசிரியர் லாஞ்சலியர் 1936-இல் வெளியிட்டார். குடிநீர்க் குழாய்களுக்காக வகுத்த அம்முறையே நீச்சல் குளங்களுக்கும் வழிகாட்டியாயிற்று.

ஆகவே, முதலில் அறிய வேண்டியது நம் ஊர் நீரின் குணம். மும்பைக்கு வரும் ஏரி நீர் பெரும்பாலும் மென்னீர். அது சுண்ணத்துக்குப் பசித்த நீர். தில்லியைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் பெங்களூரிலும் பல ஆழ்துளைக் கிணறுகள் தருவது பருப்பு எளிதில் வேகாத கடினநீர். லாரி நீர் எங்கிருந்து வந்தது என்பதை அறிவதே அரிது. நிரப்புமுன் ஒரு குப்பி நீரைச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. தட்பவெப்பமும் கணக்கில் சேரும். வெந்நீரில் சுண்ணச் செதில் எளிதில் படியும். தண்ணிய நீரோ சுவரை அரிக்க முற்படும். வட இந்தியக் குளிர்காலத்தில் பூச்சு வேலை செய்பவர்கள் இதனை மறக்கலாகாது.

பூச்சு இறுகியதும் குளத்தை இடையில் நிறுத்தாமல் நிரப்ப வேண்டும். நிறுத்தினால் அந்த மட்டத்தில் கோடு விழுந்துவிடும். நிரம்பியவுடன் வடிகட்டியை இயக்கி, வெண்துகள் அடங்கும் வரை இரவும் பகலும் ஓடவிட வேண்டும். முதல் இரு வாரங்கள் காலையும் மாலையும் மென்மையான தூரிகையால் சுவரையும் தரையையும் தேய்க்க வேண்டும். தேய்க்காது விட்ட துகள் பூச்சோடு ஒட்டிக் கெட்டியாகிவிடும்.

இனி அளவுகள். பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்பது கணக்கு. மொத்தக் காரத்தன்மை 80 முதல் 120 பங்கும், கால்சியக் கடினத்தன்மை 200 முதல் 400 பங்கும், பி.எச். அளவு 7.2 முதல் 7.6 வரையும் இருத்தல் நன்று. 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் சராசரி 1.2 மீட்டர் ஆழமும் உள்ள குளம் 86,400 லிட்டர் கொள்ளும். அதில் காரத்தன்மையை 10 பங்கு உயர்த்த ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ ஆப்ப சோடா போதும். மென்னீரின் கடினத்தன்மையை 50-லிருந்து 200 பங்குக்கு உயர்த்த ஏறக்குறைய 19 கிலோ கால்சியம் குளோரைடுச் செதில் தேவைப்படும். இதைச் சிறிது சிறிதாக, வாளி நீரில் கரைத்து, சில நாட்களில் பிரித்துச் சேர்க்க வேண்டும்.

புதுப்பூச்சு சுண்ணத்தைக் கசியவிடுவதால் பி.எச். நாள்தோறும் ஏறும். நாள்தோறும் சோதித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சிறு அளவில் சேர்த்து இறக்க வேண்டும். அந்த அமிலம் நீரைவிடக் கனமானது; ஒரே இடத்தில் கொட்டினால் அடியில் தங்கிப் பூச்சை எரித்துவிடும்.

பி.எச். ஏறினால் பூச்சு மட்டுமா கெடுகிறது? கிருமியைக் கொல்லும் குளோரினும் வலுவிழக்கிறது. 7.5 அளவில் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமுள்ள நிலையில் இருக்கும்; 8-ஐ எட்டினால் கால் பங்குகூடத் தேறாது. குளோரின் போட்டாகிவிட்டது என்ற நம்பிக்கையில் குழந்தைகளை இறக்கிவிடுகிறோம். கிருமிகளோ பெருமளவில் தப்பிவிடுகின்றன. ஆகவே முதல் சில நாட்கள் குளோரினைத் தவிர்த்து, நீர் ஓரளவு நிலைபெற்றபின் முற்றும் கரைத்துச் சேர்க்க வேண்டும். கரையாத துகள் விழுந்த இடம் வெளுத்துத் திட்டாகும். துகள் அடங்கி, பி.எச். நின்று, குளோரின் 1 முதல் 3 பங்கில் நிலைத்த பிறகே குளத்தைத் திறக்கலாம். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் கருவியுள்ள குளங்களில் 28 நாட்கள் கழியுமுன் உப்பிடலாகாது.

இறுதியாக, குளத்தைக் கவனிக்கும் தொழிலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவரும் நம்மைப் போலவே வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர். புட்டியின் மேல் அச்சிட்ட எச்சரிக்கை அவருக்குத் தெரிந்த மொழியில் இல்லாதிருக்கலாம். அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது. அமிலமும் குளோரின் தூளும் ஒரே வாளியைத் தொடலாகாது. இரண்டும் கலந்தால் எழுவது 1915-இல் ஈப்ர் போர்க்களத்தில் வீரர்களைக் கொன்ற அதே நச்சுவாயு. தனித்தனி வாளிகளும் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, அவர் மொழியில் ஒருமுறை விளக்கிச் சொல்வது சங்கத்தின் கடமை. பூச்சுக்குச் செலவிடும் தொகையை நோக்க, இதற்காகும் செலவு மிகச் சிறிது.

விடுமுறைக்குள் குளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள், பெற்றோரும் அவசரப்படுத்துவார்கள். ஒரு மாதப் பொறுமை பல ஆண்டுகள் பூச்சைக் காக்கும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.