வீட்டுக்குள் வரும் இரண்டாவது வயர்

வானொலியில் இருந்துகொண்டு ரிவியைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறேன், கோபிக்க வேண்டாம். கேபிள் இணைப்போடு இப்போது ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி தருகிறார்கள். அதை எப்படிப் பூட்டுவது, எப்படி ஆபத்தில்லாமல் பாவிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பெட்டிக்கு முதல் வயரைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் வீடுகளுக்குள் வெளியிலிருந்து இரண்டு வயர் வருகின்றன. ஒன்று மின்சார சபையினுடையது. அது மீற்றரைத் தாண்டி, மெயின் சுவிச்சைத் தாண்டி, ட்ரிப் சுவிச்சையும் தாண்டித்தான் உள்ளே வரும். ஏர்த் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் இணைப்பே தருவார்கள். மற்றது கேபிள்காரருடையது. அது யன்னல் இடுக்கால், ஓட்டு நீக்கலால் நேரே ஹோலுக்குள் வந்துவிடும். அதை மறித்து எதுவும் கேட்பாரில்லை. இரண்டு வயரும் சந்திக்கிற இடந்தான் அந்தச் சின்னப் பெட்டி. வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த இரண்டாவது வயரால் வருகின்றன என்பது என்னுடைய எண்ணம்.

யாழ்ப்பாணத்தாருக்கு வயரோடு பழக்கம் அதிகம். எண்பதுகளில் கூரைக்கு மேலே நீளக் குழாய் நட்டு, உச்சியில் அன்ரனா பூட்டி, கடல் தாண்டித் தூரதர்ஷனைப் பிடித்தார்கள். 1990இல் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பற்றறிகூடத் தடைசெய்த பொருளாக இருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட சனம் இது. ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்ததும் இதே சனந்தான். கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு உயர் அழுத்தப் பாதை போட்டு, தேசிய வலையமைப்போடு குடாநாட்டைத் திரும்ப இணைத்தது 2013இல். இல்லாத காலத்தில் இருந்ததைக் கொண்டு சமாளித்த கெட்டித்தனத்தை நான் குறைசொல்லவில்லை. ஆனால் வயரைப் பல்லால் கடித்துச் சீவி, முறுக்கி, ரேப் சுற்றிவிட்டால் போதும் என்ற பழக்கத்தையும் அந்தக் காலந்தான் கையில் தந்துவிட்டுப் போனது. சைக்கிள் டைனமோ தந்தது 6 வோல்ற். சுவரிலுள்ள பிளக் தருவது 230.

சரி, பெட்டியைப் பூட்டுவோம். முதலில் எல்லா வயர்களும், கடைசியில் மின்சாரம். இந்த ஒழுங்கை மாற்றக்கூடாது. கேபிள் வயரின் முனையைப் பெட்டியின் பின்னாலுள்ள திருகாணி வாயில் வைத்து விரலால் முறுக்குங்கள். குறடு போட்டு இறுக்கத் தேவையில்லை. முனையில் நடுவிலிருக்கும் செப்புக் கம்பியை, அதைச் சுற்றியுள்ள வலைக் கம்பியின் ஒரு இழை தொட்டால்கூட படம் வராது, பூட்டுமுன் அதை ஒருதரம் பாருங்கள். பெட்டியிலிருந்து ரிவிக்குப் புதிய செற்றுகளில் எச்.டி.எம்.ஐ. வயர், பழைய செற்றுகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை வயர். கார்ட் உள்ள பெட்டியென்றால் பெட்டியில் கீறியிருக்கும் படத்தைப் பார்த்து, சிப் இருக்கும் பக்கத்தைச் சரியாக வைத்துத் தள்ளுங்கள். பிறகு ரிவியின் ரிமோற்றில் ‘சோர்ஸ்’ அல்லது ‘இன்புட்’ என்ற பொத்தானை அமத்தி, வயர் குத்திய வாயைத் தெரிவு செய்யவேண்டும். ‘நோ சிக்னல்’ என்று வந்தவுடன் கேபிள்காரருக்குக் கோல் எடுக்கிறவர்கள் முதலில் இந்தப் பொத்தானைப் பாருங்கள்.

இப்போது பிளக். பெட்டியோடு வரும் அடப்டருக்கு அனேகமாக இரண்டு ஊசிதான். எங்கள் சுவர்களில் இருப்பதோ மூன்று ஓட்டை உள்ள 13 அம்பியர் சதுர ஊசிப் பிளக். அப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? மேல் ஓட்டைக்குள் பேனை மூடியையோ ஈர்க்கையோ குத்தி, உள்ளேயிருக்கும் மூடியைத் திறந்து, இரண்டு ஊசியையும் நெரித்துச் செருகுகிறோம். பிள்ளையள் கையை வைக்காதிருக்கவென்று போட்ட மூடி அது. பெரியவர்கள் ஈர்க்குக் குத்துவதைப் பார்த்த பிள்ளை நாளைக்குக் கம்பி குத்தும். இரண்டு ஊசியை மூன்று ஊசியாக்கும் கொன்வேர்ட்டர் எந்த மின்சாதனக் கடையிலும் இருக்கிறது. ஒன்று வாங்குங்கள். அடப்டர் பழுதாகிப் புதிதாக எடுக்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். சில பெட்டிக்கு 12 வோல்ற், சிலதுக்கு 5. தலை பொருந்துகிறது என்று 5 வோல்ற் பெட்டிக்கு 12 வோல்ற்றைக் கொடுத்தால் பெட்டி அந்தக் கணமே போய்விடும். வோல்ற் அளவு ஒன்றாக இருக்கவேண்டும். அம்பியர் கூடினால் பரவாயில்லை, குறையக்கூடாது.

இனி நான் கொஞ்சம் நின்று சொல்லவேண்டிய விஷயம். “தம்பி, பொக்ஸின்ரை பின்பக்கம் தொட்டா சாதுவாக் கறண்ட் அடிக்குது” என்று அம்மாமார் சொல்வார்கள். “அது ஒண்டுமில்லையம்மா, எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான்” என்று பதில் வரும். இந்தப் பதிலில் பாதி சரி. இரண்டு ஊசி அடப்டருக்குள் இரைச்சலை வடிகட்டுவதற்காக ஒரு சிறு கொண்டென்சர் இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் கசியும். ஏர்த் ஊசி இல்லாததால் அந்தக் கசிவுக்குப் போக வழியில்லை. வெறுங்காலோடு சீமெந்துத் தரையில் நிற்கிறவர் தொடும்போது அவரால் இறங்குகிறது. கூசும், ஆளைக் கொல்லாது. வயர்களை முதலில் பூட்டிவிட்டுக் கடைசியாக பிளக்கைப் போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மற்றப் பாதியில்தான் ஆபத்து. கேபிள் வயர் தெருவில் கிலோமீற்றர் கணக்கில் மின்கம்பங்களோடும் மரங்களோடும் வருகிறது. வழியில் அம்பிளிஃபயர்கள் இருக்கின்றன, அவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். சில இடங்களில் அதே கேபிளுக்குள்ளால் அந்த மின்சாரம் போகும், சில இடங்களில் யாரோ ஒரு வீட்டின் பிளக்கிலிருந்து எடுத்திருப்பார்கள். அம்பிளிஃபயர் பழுதானாலோ, காற்றுக்கு மின்கம்பி கேபிளில் உரசினாலோ, அந்த மின்சாரம் கேபிளின் வெளி வலைக்கு ஏறி உங்கள் ஹோல்வரை வரலாம். அந்த நேரத்தில் உங்கள் ட்ரிப் சுவிச் விழாது. இதைத்தான் பலர் அறியார்கள். ட்ரிப் சுவிச் பார்ப்பது, உங்கள் மீற்றரால் உள்ளே போன மின்னோட்டமும் திரும்பி வந்த மின்னோட்டமும் சமமா என்பதை மட்டுமே. கேபிளால் வெளியிலிருந்து வந்து, உங்கள் உடம்பால் நிலத்துக்கு இறங்கும் மின்சாரம் அதன் கணக்கிலேயே சேராது. மெயின் சுவிச்சை நிறுத்தினாலும் அது நிற்காது.

ஆகவே கறண்ட் அடிக்கிறது என்று யாராவது சொன்னால், தொட்டுப் பார்க்க வேண்டாம். பெட்டியின் பிளக்கையும் ரிவியின் பிளக்கையும் கழற்றுங்கள். அதன் பிறகும் கேபிள் முனையில் டெஸ்ரர் எரிந்தால், மின்சாரம் வெளியிலிருந்து வருகிறது. அந்த வயரில் ஒருவரும் கை வைக்கக்கூடாது, கேபிள்காரரை உடனே கூப்பிடவேண்டும். டெஸ்ரர் எரியவில்லை என்றாலும் ஆபத்தில்லை என்று முடிவு கட்டாதீர்கள். குறைந்த வோல்ற்றுக்கு டெஸ்ரருக்குள் இருக்கும் சின்ன நியோன் பல்ப் எரியாது. வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு மீற்றர் வைத்துப் பார்ப்பதே சரி.

இதற்கு நிரந்தர மருந்து, கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்திலேயே அதன் வெளி வலையை வீட்டு ஏர்த்தோடு இணைப்பது. மேல்நாடுகள் பலவற்றில் இது கட்டாயம். அதற்கென்று கைக்கு அடக்கமான ஒரு பித்தளைத் துண்டு இருக்கிறது. பெரிய செலவில்லை. ஆனால் முதலில் உங்கள் வீட்டு ஏர்த் நல்லதாக இருக்கவேண்டும். வலிகாமம் பக்கம் மெல்லிய செம்மண், தோண்டினால் சுண்ணாம்புக் கல். கோடையில் மண் காய்ந்தால் ஏர்த் கம்பி இருந்தும் இல்லாதது மாதிரித்தான். பங்குனியிலிருந்து ஆவணிவரை அந்தக் குழிக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வருவது பழைய மின்வேலைக்காரரின் வழக்கம். அது மூடநம்பிக்கை இல்லை. ட்ரிப் சுவிச்சிலுள்ள ‘டெஸ்ற்’ பொத்தானையும் மாதத்துக்கு ஒருமுறை அமத்தி, விழுகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது இடி. சித்திரையிலும், அதைவிட ஐப்பசி கார்த்திகையிலும் எங்களுக்குத் தெரியாத இடியா! மின்னல் உங்கள் வீட்டில் விழவேண்டியதில்லை. தூரத்தில் ஒரு பனையில் விழுந்தாலே, தெருவோடு போகும் நீளக் கேபிளில் ஒரு கணத்துக்குப் பெரிய மின்னழுத்தம் ஏறும். அது பெட்டிக்குள் வந்து, எச்.டி.எம்.ஐ. வயரால் ரிவிக்குள் போய், ரிவியின் மின்வயரால் வெளியேறப் பார்க்கும். பெட்டியும் ரிவியும் சேர்ந்து போவது இதனால்தான். பிளக்குக்கு மட்டும் ‘சேர்ஜ் புரொடெக்டர்’ வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: அது ஒரு வாசலைத்தான் பூட்டும். வானம் இருட்டும்போதே, முழக்கம் கிட்ட வருமுன், பிளக்கையும் கேபிளையும் இரண்டையும் கழற்றிவிடுங்கள். கழற்றிய கேபிள் முனையை ரிவிக்குத் தள்ளி வையுங்கள். இடி தொடங்கிய பிறகு ஞாபகம் வந்தால், பெட்டி போனால் போகட்டும், கேபிளில் கை வைக்காதீர்கள்.

மின்வெட்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்க மின்சாரம் போனதென்று அமைச்சரே சொன்னார். மின்சாரம் போவதால் பெட்டிக்குக் கேடில்லை. திரும்பி வரும் முதல் நிமிடங்களில்தான் அழுத்தம் ஏறி இறங்கும். போனவுடன் சுவர் சுவிச்சை நிறுத்துங்கள். வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைகிறதே, அதற்கு வருவோம். அது டிஜிற்றல் முறையின் குணம். எங்கள் நாட்டில் வான்வழி ஒளிபரப்புக்கு 2014இல் ஜப்பானிய டிஜிற்றல் முறையைத் தெரிந்தெடுத்தும் அந்த மாற்றம் இழுபடுகிறது. அதனால் ஒரே வீட்டில் அன்ரனாவில் அனலொக்கும் பெட்டியில் டிஜிற்றலும் பார்க்கிறோம். அனலொக்கில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி விழும், ஆனாலும் படம் தெரியும். டிஜிற்றலில் அப்படி இல்லை. ஒரு அளவுவரை பளிங்குப் படம், அதற்குக் கீழே போனால் ஒன்றுமே இல்லை. பெட்டியின் மெனுவில் சிக்னலின் பலமும் தரமும் தனித்தனியாகக் காட்டும். பலம் நல்லாயிருந்து தரம் குறைவென்றால் எங்கோ ஒரு மூட்டுப் பழுது. பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, குருநகர், காரைநகர், தீவுப் பகுதி நேயர்களுக்கு இது புதிதில்லை: உப்புக் காற்றுக்கு முனைகள் பச்சை பிடித்துவிடும். வெளியிலுள்ள மூட்டுகளுக்கு ரப்பர் உறை போடச் சொல்லி, வருடத்தில் ஒருதரம் முனையை வெட்டிப் புதிது பூட்டச் சொல்லுங்கள். அறைக்கு ஒரு ரிவி என்று ஸ்பிளிற்றர் போட்டால், இரண்டாகப் பிரிக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் பாதிப் பலத்துக்குக் குறைவாகத்தான் போகும். முறுக்கிக் கட்டிய மூட்டில் அதுவும் மிஞ்சாது.

பெட்டிக்கு மேலே பின்னல் விரிப்புப் போடாதீர்கள். சூடு போக இடம் வேண்டும். இரவில் ரிமோற்றால் மட்டும் நிறுத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 10 வாற் இழுக்கும் பெட்டி மாதம் முழுக்க விழித்திருந்தால் 7 யூனிற்றுக்குக் கொஞ்சம் மேலே போகும். அது பெரிதா என்று கேட்கலாம். 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறும் என்பதை மின்கட்டணச் சீட்டைப் பார்க்கிறவர்கள் அறிவார்கள். சுவர் சுவிச்சை நிறுத்துங்கள். பெட்டி தானாக மென்பொருளைப் புதுப்பிக்கிறதென்று திரையில் எழுதியிருக்கும்போது மட்டும் நிறுத்தவேண்டாம்.

பிள்ளையள் கனடாவிலும் பாரிஸிலும் இருக்க, இங்கே தனியாக இருக்கும் அப்பா அம்மாமார் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இரண்டு ரிமோற்றில் எது எதற்கென்று குழம்பினால், பெட்டியின் ரிமோற்றில் சிவப்பு ரேப் ஒட்டிவிடச் சொல்லுங்கள். கதிரை போட்டு ஏறி வயர் பார்க்கவேண்டாம், பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுங்கள்.

கேபிள் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இணைப்புக் கொடுக்கப் போகும் பொடியனின் பையில் டெஸ்ரரும் நல்ல முனைகளும் ஏர்த் துண்டும் இருக்கட்டும். “எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான்” என்ற பதிலை விட்டுவிடுங்கள்.

மாரி வருகிறது. காற்றுக்குத் தெருவில் வயர் அறுந்து தொங்கினால், கேபிள் வயர்தானே என்று கையால் தூக்கி மதிலில் போடாதீர்கள். மேலே அது எதில் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. பிள்ளைகளையும் மாட்டையும் அப்பால் விலத்திவிட்டு, மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழையுங்கள். யாருக்காவது மின்சாரம் தாக்கியிருந்தால் அம்புலன்ஸ் இலக்கம் 1990.