பழைய விளையாட்டும் புதிய பொறியும்



கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருந்தெருவில் வரக்காப்பொல வந்துவிட்டால், பிரயாணிகள் பலருக்கு எள்ளுருண்டையே நினைவுக்கு வரும். பெருந்தெருவை விட்டு உட்புறஞ் செல்வோர் காண்பவையோ இறப்பர்த் தோட்டங்களும் லயன் வீடுகளுமாம். அத்தகைய வீடொன்றில் பழைய கணினியொன்று சாக்கினால் மூடப்பட்டுக் கிடப்பதாகக் கொள்க. தலைநகரில் வேலை பார்த்த மகன் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கொண்டுவந்த கணினி அது. அதனருகே ஒரு பெட்டி. பெட்டிக்குள் நான்கு புளொப்பித் தட்டுகள். தம்பியும் தங்கையும் முறைவைத்து ஆடிய விளையாட்டொன்று அத்தட்டுகளில் இருக்கின்றது. இன்று அம்மகனின் மகள் அதனைத் தன் மடிக்கணினியில் ஆடிப்பார்க்க விரும்புகிறாள். அதிலே தட்டை நுழைக்க வாயிலே இல்லை. வேறொரு கருவி கொண்டு கோப்புகளைப் பெயர்த்தெடுத்த பின்னரும், இச்செயலி இக்கணினியில் இயங்காது என்ற அறிவிப்பே திரையில் தோன்றுகின்றது.

இதற்குக் காரணம் யாது? விளையாட்டு கெட்டுவிட்டதா? இல்லை. அதனை அறிந்த பொறிதான் இல்லாது போயிற்று.

மாசி மாதத்தில் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தை நேயர்கள் அறிவர். மன்மதன், ரதி பாடல்களை எழுதிய கொப்பி ஒருவர் வீட்டில் பத்திரமாய் இருக்கலாம். ஆயினும், எந்தப் பாட்டுக்கு எந்த அடி என்று தப்பு அடிப்பவர்க்குச் சொல்லும் வாத்தியார் இல்லையெனில் அக்கொப்பி கூத்தாகுமா? கணினி விளையாட்டும் அவ்வாறே. தட்டிலுள்ளது கொப்பி, அதனைப் படித்து ஆடிக்காட்டுவது பொறி. ஒன்றிருந்து மற்றொன்றில்லையேல் ஆட்டம் இல்லை.

பழைய விளையாட்டு புதிய கணினியில் இயங்காமைக்கு இரு காரணங்களை முதன்மையாகக் கூறலாம். ஒன்று மொழிபற்றியது. டொஸ் என்னும் பணிசெயல் முறைமைக்கென எழுதப்பட்டவற்றுட் பல 16 பிட் செயலிகள். இன்று வழங்கும் 64 பிட் விண்டோஸ் அவற்றை ஏற்பதில்லை. மற்றொன்று வேகம்பற்றியது. 1981இல் வெளிவந்த ஐபிஎம் கணினியின் துடிப்பு விநாடிக்கு ஏறத்தாழ 47 இலட்சத்து 70 ஆயிரம். இன்றைய கணினிகள் பலவற்றில் அது 300 கோடியைத் தாண்டும். அக்கால விளையாட்டுகள் சில, பொறியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டவை. அவை இன்று இயங்கினாலும், எதிரி தோன்றுமுன்னரே ஆட்டம் முடிந்துவிடும்.

இக்குறைக்கு அறிஞர் கண்ட வழி வியப்புக்குரியது. அவர்கள் விளையாட்டைத் திருத்த முற்படவில்லை. புதிய கணினிக்குள்ளே பழைய கணினியொன்றை மென்பொருளால் அமைத்தனர். இதனை எமியுலேற்றர் என்பர். 2002இல் வெளிவந்த டொஸ்பொக்ஸ் அத்தகையது. அது பழைய முறைவழியாக்கியைப் போலவும், பழைய ஒலி அட்டையைப் போலவும் நடிக்கின்றது. வேகத்தையும் வேண்டிய அளவிற்குக் குறைத்துத் தருகின்றது. விளையாட்டோ தன் பழைய வீட்டிலேயே இருப்பதாக எண்ணி இயங்குகின்றது. இதனை விலையின்றிப் பெறலாம்.

ஆயினும், தட்டு அழிந்துவிட்டால் எமியுலேற்றரால் யாது பயன்? புளொப்பித் தட்டில் எழுத்தைத் தாங்குவது காந்தப் பூச்சு. ஈரமும் பூஞ்சணமும் காலமும் அதனைத் தின்றுவிடும். மழை மிகுந்த சப்பிரகமுவையில் இது பொருட்படுத்த வேண்டியதொன்று.

உலகப்புகழ் பெற்ற விளையாட்டுகளும் இவ்வாபத்துக்கு விலக்கல்ல. 1989இல் அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர் அப்பிள் கணினிக்கு ஆக்கிய ‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’வை அறியாத விளையாட்டுப் பிரியர் அரியர். விளையாட்டு உலகெங்கும் பரவிற்று. ஆயின், அவர் தம் கையால் எழுதிய மூலநிரல் அகப்படவில்லை. 2012இல் அவருடைய தந்தை வீட்டிலிருந்த பெட்டியொன்றில் அத்தட்டுகளைக் கண்டெடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்த தட்டுகள்! பழைய கருவிகளைக் கையாள வல்லோர் கூடி அவற்றைப் படித்தெடுத்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் மெக்னர் அதனை எல்லோரும் காண வெளியிட்டார். பெட்டி குப்பைக்குப் போயிருந்தால்?

2015இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனம் ஏறத்தாழ 2,400 டொஸ் விளையாட்டுகளை இணையத்திலேயே ஆடும்படி அமைத்தது. 2020 டிசம்பர் 31இல் அடோபி நிறுவனம் பிளாஷ் மென்பொருளுக்கு அளித்த ஆதரவை நிறுத்தியபோது, பிள்ளைகள் இணையத்தில் ஆடிய எண்ணற்ற சிறு விளையாட்டுகள் அழியும் நிலை எய்தின. அதனை முன்னுணர்ந்து 2018 முதலே பிளாஷ்பொயின்ற் என்னும் முயற்சியினர் அவற்றைத் திரட்டிவந்தனர். இவ்வளவு நடந்தும் குறை தீரவில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் 87 வீதமானவை இப்போது கடையில் கிடைப்பதில்லை என 2023இல் வெளிவந்த ஆய்வொன்று கூறிற்று. விற்பனையில் இல்லை என்பதனால் உரிமை ஒழிந்துவிடுவதுமில்லை. பிறர் ஆக்கத்தைப் படியெடுத்துப் பரப்புவதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுக்கின்றது. காப்போர் இவ்விரண்டுக்கும் இடையில் நின்றே உழைக்கின்றனர்.

வரக்காப்பொல வீட்டுக்கு மீள்வோர்க்குச் செய்யத்தக்கது எளிது. முதலில் தட்டுகளிலுள்ளவற்றைத் தாமதியாது வேறிடத்திற் படியெடுத்தல் வேண்டும். அடுத்து, எக்கணினியில், எந்தப் பணிசெயல் முறைமையில் அது இயங்கிற்று என்பதை ஒரு தாளில் எழுதிவைத்தல் வேண்டும். அதன் பின்னரே எமியுலேற்றரில் இட்டுப் பார்த்தல் தகும். முதற்படியைத் தள்ளிப்போட்டால் மூன்றாம் படிக்கு வேலையிராது.

விளையாட்டுத்தானே என்று இதனை இகழ்தல் தகாது. அதே பெட்டியிலே பாட்டனின் கடிதமும், பாடசாலை மலரொன்றின் பிரதியும், இன்று எவராலும் திறக்கவியலாத கோப்பாக இருக்கக்கூடும். விளையாட்டை மீட்கக் கற்ற பிள்ளை அவற்றையும் மீட்பாள். சாக்கை நீக்கிப் பெட்டியைத் திறக்கும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. அதனை அடுத்த மழைக்காலத்துக்கு முன் அவர்கள் செய்தல் நன்று.