ஆபீஸ் பெட்டியும் மூன்று வீட்டு நகல்களும்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியது)



நான் இன்ஜினியர் இல்லை. பேங்கில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்குப் புத்தகத்தைப் பத்திரமாக வைக்கத் தெரியும், அவ்வளவுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் தரைத்தள ஆபீஸ் அறை மூழ்கியதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். பேப்பர் ஃபைல்கள் போயின. அவற்றை ஸ்கேன் செய்து வைத்திருந்த கம்ப்யூட்டரும் அதே அறையில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. அப்ரூவ்டு பிளான் நகலுக்காக எவ்வளவு அலைந்தோம்!

இப்போது ஆபீஸில் ஒரு ஸ்டோரேஜ் பெட்டி இருக்கிறது. அதிலுள்ள ஃபோல்டரை சாம்பா என்ற மென்பொருள் வழியாக ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் திறக்கின்றன. வசதிதான். ஆனால் இருப்பது ஒரே பெட்டி, அதே அறை.

பேங்கில் லாக்கர் அறையின் டூப்ளிகேட் சாவியை வேறு கிளையில் வைப்போம். அதுபோல சிங்க்திங் என்ற இலவச மென்பொருளைப் பெட்டியில் போட்டால், ஃபோல்டரின் நகல் மூன்று வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குத் தானாகப் போய்ச் சேரும். நடுவில் எந்த கம்பெனியின் சர்வரிலும் கோப்பு தங்காது. மூன்றில் ஒரு வீடு வெளியூரில் இருப்பது நல்லது.

ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பூட்டு. சாம்பாவில் ஒருவர் எக்ஸெல் கோப்பைத் திறந்திருந்தால் அடுத்தவருக்குப் படிக்க மட்டுமே திறக்கும். சிங்க்திங்குக்கு அந்தப் பூட்டு தெரியாது. இரண்டு இடத்தில் திருத்தினால் இரண்டு கோப்பாகப் பிரித்து வைக்கும். எது சரியான கணக்கு என்று சொல்லாது. ஆகவே பதிவு ஆபீஸில் மட்டும். பெட்டியை 'அனுப்ப மட்டும்' என்றும், வீடுகளைப் 'பெற மட்டும்' என்றும் அமைக்க வேண்டும்.

இரண்டு, அழிப்பு. ஆபீஸில் கைதவறி அழித்தால் மூன்று வீட்டிலும் அழிந்துவிடும். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதியை முதலிலேயே போட்டுவிட வேண்டும்.

மூன்று, அந்தரங்கம். வீட்டு நகலை அந்த வீட்டுக்காரர் திறந்து படிக்க முடியும். வாடகைதாரர்களின் ஆதார் நகல்கள் இந்த ஃபோல்டரில் வேண்டாம்.

பேங்கில் முன்னறிவிப்பில்லாமல் வந்து ரொக்கத்தை எண்ணுவார்கள். அதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டு நகலைத் திறந்து பார்ப்போம். அந்த வேலையை நான் செய்கிறேன். கம்ப்யூட்டரில் இடம் தர மூன்று வீட்டார் முன்வந்தால் போதும்.