வாயில் படியும் வெண்மாவு

தில்லியிலோ நாகபுரியிலோ குடியேறியிருக்கும் நம் இல்லங்களில் கைக்குழந்தையின் வாயில் வெள்ளையாக மாவு படிந்துவிட்டால், முதலில் ஊருக்குத்தான் செய்தி பறக்கிறது. “அக்கரம் கண்டிருக்கிறது, வெங்காரத்தைப் பொரித்துத் தேனில் குழைத்துத் தடவம்மா” என்று பாட்டியிடமிருந்து மறுமொழி வருகிறது. வெங்காரம் இங்கும் அகப்படுவதுதான். ‘சுஹாகா’ என்று கேட்டால் வடநாட்டுக் கடைக்காரர் ஒரு பொட்டலம் கட்டித் தந்துவிடுவார். அந்தப் பொட்டலத்தைப் பற்றியே இன்று நாம் சிறிது பேச விரும்புகிறோம்.

அக்கரம் காண்டிடா என்னும் பூஞ்சணத்தால் உண்டாவது. இப்பூஞ்சணம் நம்மில் பலருடைய வாயில் ஓசையின்றி வாழ்வதே. உடலின் காவல் தளரும்போது பெருகிப் படலமாகிறது. குழந்தை குடித்த பாலின் படிவு நாவில் மட்டும் தங்கும். ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். அக்கரமோ கன்னத்தின் உட்புறத்திலும் பற்றிக்கொள்ளும், எளிதில் வராது. வலிந்து துடைத்தால் அடியில் சிவந்த புண் தெரியும், சில வேளை இரத்தமும் கசியும். ஆதலின் சுரண்டுதல் ஆகாது.

இனி, பாட்டியின் மருந்து. வெங்காரத் தேன் நம் நாட்டில் மட்டும் வழங்கியதன்று. மேனாட்டினரும் அதைக் கையாண்டனர். 1983-இல் பிரிட்டிஷ் மருத்துவ ஏடு ஒன்று ஏழு குழந்தைகளின் வரலாற்றை வெளியிட்டது. வெங்காரமும் தேனும் கலந்த மருந்தில் ரப்பர்ச் சூப்பானைத் தோய்த்துக் கொடுத்து வந்ததால் அக்குழந்தைகளுக்கு வலிப்புக் கண்டது. அதை நிறுத்தியபின் நலமாயிருந்தன. தேனும் தனியே தீங்கற்றதன்று. அதில் பாட்டுலிசம் என்னும் நோய்க்குரிய கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் அவை முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சை விளைவிக்கும். பாட்டியின் அன்பில் நமக்கு ஐயமில்லை. அவருடைய அன்னையின் காலத்தில் வேறு நல்ல மருந்து இல்லை. 1950-இல்தான் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு அமெரிக்கப் பெண்மணிகள் பூஞ்சணத்தைக் கொல்லும் நிஸ்டாட்டினைக் கண்டறிந்து அறிவித்தனர். இன்று மருத்துவர் எழுதித் தரும் சொட்டு மருந்தே குழந்தைக்கு ஏற்றது.

அதனோடு வீட்டில் நாம் செய்யத்தக்கதும் உண்டு. பால்புட்டியின் காம்பையும் சூப்பானையும் நாள்தோறும் கொதிநீரில் இடவேண்டும். தாயின் மார்புக்காம்பு சிவந்து எரியுமாயின் அவருக்கும் உடன் மருந்து தேவை. இல்லையேல் நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போய்ப் போய் வரும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டுவதில்லை.

பெரியவர்களாயின், ஒரு குவளை இளஞ்சூட்டு நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்துத் துப்பலாம். சர்க்கரை சேராத தயிர் வாய்க்கு இதமானது. ஆனால் மருந்துக்கு ஈடன்று. மணத்தக்காளியை ‘மகோய்’ என்று கேட்டுச் சந்தையெல்லாம் அலைவோர் நம்மில் உளர். கிடைத்தால் நல்ல குழம்பு வைக்கலாம். நம்மவர் அதை நாடுவது சாதாரண வாய்ப்புண்ணுக்கே, பூஞ்சணத்துக்கன்று. பொய்ப்பல் அணிவோர் இரவில் அதைக் கழற்றித் துலக்கி வைத்தல் நன்று. வடநாட்டுப் பனிக்காலப் புகையில் மூச்சிரைத்து மருந்தை உறிஞ்சுவோர் பலர். அம்மருந்தில் ஸ்டீராய்டு இருப்பின், ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துவிட வேண்டும். காரணம் புலப்படாமல் வெண்படலம் திரும்பத் திரும்பக் கண்டால் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்க. விழுங்கும்போது நெஞ்சு வலித்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, ஊரிலிருந்து மறுமொழி வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் செல்க.