பாறையில் கண்ட சுவடு

பாறை ஓவியங்களால் புகழ்பெற்ற மத்தியப் பிரதேசத்துப் பீம்பேட்கா குகையொன்றில், ஆள் எட்டாத உயரத்தில் இலை போன்றதொரு சுவடு இருந்தது. நடுவே ஒரு கோடு. இருமருங்கும் விரியும் வரிகள். 2020இல் அங்குச் சென்ற புவியியலாளர் கிரிகோரி ரெட்டாலக்கும் அவர்தம் குழுவினரும் அதனைக் கண்டனர். ஆஸ்திரேலியாவின் எடியாக்கரா குன்றுகளில் 1946இல் முதன்முதலாகக் கிடைத்த டிக்கின்சோனியா என்னும் தொல்லுயிரின் பதிவே இது என்று 2021இல் அறிவித்தனர்.

அறிவிப்பு சிறிது; அதன் விளைவோ பெரிது. டிக்கின்சோனியா எனில் அம்மணற்பாறையின் வயது ஏறத்தாழ 55 கோடி ஆண்டு. அதே பாறைத் தொகுதி 100 கோடி ஆண்டுக்கும் முந்தியது என்போர் அதனை எவ்வாறு ஏற்பர்?

அவர்களுள் ஒருவரான புளோரிடா பல்கலைக்கழகத்து ஜோசப் மீர்ட், தம் குழுவினருடன் நேரில் சென்று பார்த்தார். புதைபடிவம் பாறையோடு பாறையாய் இறுகியிருக்கும். இதுவோ மேலே ஒட்டிக்கொண்டு, சில ஆண்டுகளுக்குள்ளாகவே உரிந்துகொண்டிருந்தது! அண்மையிலேயே தேனடைகள் தொங்கின. சுவடு, அழிந்துபோன தேனடையின் எச்சம். 2023இல் இதனை வெளியிட்டனர்.

மலைத் தேனடையை 'இறால்' என்றழைத்த நம் குறிஞ்சிப் புலவர் எவரேனும் அங்கு நின்றிருப்பின், முதலில் அதனையே ஐயுற்றிருப்பார்.

ரெட்டாலக் மறுத்து வாதிடவில்லை. தம் பிழையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். டிக்கின்சோனியா நீங்கவே, 55 கோடி ஆண்டு என்பதற்கு அது தந்த சான்றும் உடன் நீங்கிற்று.